சுவிட்ச் போடாத சாயங்காலம்

விளக்கு வைக்கிற நேரம் ஆயிடுச்சு, இன்னும் நான் சுவிட்சைப் போடல. கை தானா அங்க போகுது. கட்டிலுக்குத் தலைமாட்டுல, சுவத்துல, பிளக் பாயிண்ட் வெறுமனே கிடக்கு. இவ்வளவு வருஷமா அதுல கொசு மருந்து மிஷின் சொருகியே இருந்துச்சு, அதோட சிவப்பு லைட்டு பகல் ராத்திரின்னு இல்லாம எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அது இருந்த இடத்துல சுவர் மட்டும் மஞ்சளா கறை பிடிச்சு நிக்குது. சும்மா கெட வளர்மதின்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். நேத்து டாக்டரம்மா சொன்னாங்க, இன்னைக்குக் கழட்டியாச்சு, அவ்வளவுதானே, இதுல என்ன இருக்கு? என்ன இருக்கா? ஜன்னல் தொறந்திருக்கு. கொரட்டூர்ல, கால்வாய்க்கு இந்தாண்ட, கீழ்வீட்டுல, ஐப்பசி மாசம், மழை விட்ட மறுநாள் சாயங்காலம், என் வீட்டு ஜன்னல் தொறந்திருக்கு. இந்தத் தெருவுல யாருகிட்ட சொன்னாலும் நம்ப மாட்டாங்க. விளக்கேத்துறப்ப வாசக்கதவைத் தொறந்து வைக்கணும், லட்சுமி வருவான்னு எல்லாரும் சொல்வாங்க. நான் தொறந்த கையோட சாத்திடுவேன். வர்றவ சட்டுனு வரட்டும், மசமசன்னு நின்னா அவ பின்னாடியே கொசுவும் வந்துடும். மாடி வீட்டு விமலாக்கா இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாங்க. இன்னைக்கு நான் சிரிக்கிற நிலைமையில இல்ல. புதுசா வாங்கின கொசுவலைக்குள்ள தருண் தூங்குறான், வாயைத் தொறந்துக்கிட்டு. நானும் வலைக்குள்ளயே அவன் கால்மாட்டுல உக்காந்திருக்கேன். மூச்சை உள்ள இழுக்கும்போது ஒண்ணும் தெரியல. விடும்போதுதான் அந்தச் சத்தம், எண்ணெய் போடாத கீல் மாதிரி, மெல்லிசா, கீச்சுன்னு. ஒவ்வொரு தடவையும் அது முடிஞ்ச பிறகுதான் எனக்கு மூச்சு வருது.

வெட்கமா இருக்கு, நேத்து ஆஸ்பத்திரியில நான் பதில் சொன்ன அழகை நெனச்சா. இவனுக்கு முந்தின நாள் ராத்திரி முழுக்க இழுப்பு. விலாவுல குழி விழுந்து விழுந்து எந்திரிக்குது. காலையில கொண்டு போனோம். மூக்குல மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வச்சாங்க. கொஞ்சம் தேறினதும் டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு, "வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு நெஞ்சை நிமித்திக்கிட்டு, "அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர்"னாரு. சரி, கொசுவுக்கு என்ன பண்றீங்கன்னு அடுத்த கேள்வி. நான் முந்திக்கிட்டேன். என் பரிட்சையில எனக்குத் தெரிஞ்ச கேள்வி வந்துடுச்சு பாருங்க! "லிக்விட் மிஷின் வச்சிருக்கோம் டாக்டர். நான் நிறுத்தறதே இல்ல." டாக்டரம்மா எழுதிக்கிட்டிருந்தவங்க நிமிந்தாங்க. "நிறுத்தறதே இல்லன்னா?" "பகல்லயும் எரியும் டாக்டர். கரண்ட் போனா சுருள் கொளுத்தி வைப்பேன்." "ஜன்னல்?" "மூடியேதான் இருக்கும். ஒரு கொசு உள்ள வராது." "எவ்வளவு நாளா?" "இவன் பொறக்குறதுக்கு முன்னாடியிருந்து." நல்ல அம்மான்னு சொல்லப் போறாங்கன்னு காத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே, என்னை என்ன சொல்ல! அவங்க பேனாவை மூடி வச்சாங்க. திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், பதிலுக்குக் கொஞ்சம் அழுதுட்டு வந்திருப்பேன். மெதுவாத்தான் சொன்னாங்க. "இவனுக்கு இழுப்பு வந்தது இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. அப்படி எழுதிக் குடுக்கவும் முடியாது. ஆனா இந்த மாதிரி நெஞ்சு இருக்கற புள்ளையை மூடின ரூமுக்குள்ள வச்சு, வருஷக்கணக்கா அந்த ஆவியையே சுவாசிக்க விடறது நல்லதில்ல. இன்னைக்கே நிறுத்துங்க. ஜன்னலைத் தொறங்க. வலை கட்டுங்க." அடிச்சுச் சொல்ல முடியாதாம். அதுதான் என்னைத் தின்னுது. இதனாலதான்னு சொன்னா அந்த மிஷினைக் கால்வாயில வீசிட்டு நிம்மதியா இருப்பேன். இதனால இல்லன்னா மறுபடி சொருகிட்டு நிம்மதியா இருப்பேன். இருக்கலாம்னு சொன்னா எங்க போறது? வீட்டுக்கு வந்ததும் இவரு வலை வாங்கப் போயிட்டாரு.

யாரு என்னை இப்படி ஆக்கினாங்கன்னு டாக்டரம்மா கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இனியான்னு எனக்கு ஒரு பொண்ணு இருந்தா டாக்டர். இவனுக்கு அக்கா. இவன் அவளைப் பாத்ததில்ல, போட்டோவைப் பாத்து பாப்பாங்கறான், அவ அந்த வயசுலயே நின்னுட்டா. இதே மாதிரி மழை மாசம்தான். காய்ச்சல். எல்லா வீட்டுலயும் காய்ச்சல், எல்லாரும் நிலவேம்புக் கஷாயம் காய்ச்சினாங்க, நானும் காய்ச்சினேன். மூக்கைப் பிடிச்சுக் குடிச்சுட்டு, "அம்மா நீ குடி பாப்போம்"னா. நானும் குடிச்சுக் காட்டினேன். அப்புறம் ஒரு நாள் காலையில காய்ச்சல் விட்டுடுச்சு. உடம்பு ஜில்லுனு ஆயிடுச்சு. அப்பாடான்னு சாமி கும்பிட்டேன், இட்லி ஊட்டினேன். ரெண்டு வாய் சாப்பிட்டா. காய்ச்சல் விடறப்பதான் டெங்கு உள்ள போய் வேலையைக் காட்டும்னு எந்த அம்மாவுக்குத் தெரியும்? சாயங்காலம் கை காலெல்லாம் சில்லிட்டுப் போச்சு, வயிறு வலிக்குதுன்னா, உதடு வெளுத்துடுச்சு. ஆஸ்பத்திரியில தட்டணு இறங்கிடுச்சுன்னாங்க. அந்த வார்த்தையை நான் அன்னைக்குத்தான் கேட்டேன். இந்தா ஏத்தறோம்னாங்க, ஏத்தினாங்க, போயிட்டா. பதினாறு முடிஞ்ச பிறகு கார்ப்பரேஷன்ல இருந்து ஒரு ஆளு வந்தாரு. டேங்க்ல மருந்து ஊத்தினாரு, பூந்தொட்டியைக் கவுத்தாரு. நான் அவருகிட்ட, "பொழுது சாஞ்சா ஒரு நாள் தவறாம சுருள் கொளுத்தினேனே சார், அப்புறம் எப்படிக் கடிச்சுது?"ன்னு கேட்டேன். அந்த மனுஷன் டார்ச் லைட்டை அணைச்சுட்டு, பாவம், தயங்கித் தயங்கிச் சொன்னாரு. "டெங்கு கொசு நல்ல தண்ணியில வளர்றதும்மா. அது பகல்லதான் கடிக்கும். ராத்திரி கொளுத்தி என்ன பிரயோஜனம்?" பகல்லதான் கடிக்கும். அவரு சொன்னது தண்ணியை மூடி வைன்னு. எனக்குக் காதுல விழுந்தது பகல்லயும் கொளுத்துன்னு. அன்னைக்குப் பிளக்குல சொருகினதுதான். வயித்துல இவன் வந்தப்பவும் எரிஞ்சுது, பொறந்து வீட்டுக்கு வந்தப்பவும் எரிஞ்சுது. தூளியில போட்டா தூளிக்குப் பக்கத்து பாயிண்ட்ல எரிஞ்சுது. தவழ்ந்தான், நடந்தான், ஸ்கூலுக்குப் போனான். அதுபாட்டுக்கு எரிஞ்சுது. பாட்டில் தீர்றதுக்கு முன்னாடியே அடுத்த பாட்டில் அலமாரியில ரெடியா இருக்கும். அரிசி தீந்து பக்கத்து வீட்டுல கேட்டிருக்கேன், அது தீந்ததே இல்ல.

"ஏய் வளரு!" ஜன்னல் பக்கம் விமலாக்கா. தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு. உஷ்னு கையைக் காட்டினேன், தருணைக் காட்டினேன். அந்தம்மாவுக்கு மெதுவாப் பேசவே வராது. மெதுவாப் பேசறதா நெனச்சுக்கிட்டுப் பேசினாங்க. "என்னடி, ஜன்னல் பப்பரப்பேன்னு தொறந்து கிடக்கு? மறந்துட்டியா? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" டாக்டர் சொல்லியிருக்காங்கக்கான்னேன். "எந்த டாக்டர்? அவங்க இந்தத் தெருவுல வந்து ஒரு சாயங்காலம் உக்காந்து பாக்கட்டும், கொசு தூக்கிட்டுப் போயிடும். விஷயம் தெரியுமா? ரேஷன் கடை வீட்டுப் பையனுக்குக் காய்ச்சலாம். ரத்தம் எடுத்திருக்காங்களாம்." ஐயோ. "டெங்குவாக்கா?" "யாரு கண்டா? நாளைக்குத்தான் சொல்வாங்களாம். அந்தப் பையனும் உன் புள்ளையும் ஒரே வேன்லதானே ஸ்கூலுக்குப் போறாங்க?" இதை எதுக்கு இப்ப சொல்றீங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தல. அவங்களும் கெட்டவங்க இல்ல, இனியாவைக் குளிப்பாட்டி விட்ட கை அது. என் மூஞ்சி போன போக்கைப் பாத்துட்டு அவங்களே குரலை இறக்கினாங்க. "மிஷின்தானே வேணாம்னாங்க? என்கிட்ட மூலிகை வத்தி இருக்கு, ஊதுபத்தி மாதிரி. சந்தையில ஒருத்தர் சைக்கிள்ல கொண்டாந்து விக்கிறாரு. இயற்கைடி, ஒண்ணும் பண்ணாது. ஒண்ணு கொளுத்தினா போதும், கொசு பொத்து பொத்துனு விழுது. குடுக்கவா?" கொசு பொத்து பொத்துனு விழற அளவுக்கு அதுல என்ன மூலிகை இருக்கும்? அட்டையில பேர் இருக்கா, ஊர் இருக்கா, உள்ள என்ன போட்டிருக்கான்னு ஒரு எழுத்து இருக்கா? இதெல்லாம் நேத்து வரைக்கும் என் மண்டையில உதிச்ச கேள்வியே இல்ல. நேத்தா இருந்தா கை நீட்டி வாங்கியிருப்பேன். இன்னைக்கும் கை நீண்டுச்சு, வலையில இடிச்சு நின்னுச்சு. வேணாம்க்கான்னேன். "உன் இஷ்டம்"னுட்டு அக்கா போயிட்டாங்க. படியேறும்போதே, "பாவம், அவளுக்கு மனசு சரியில்ல"ன்னு யாருகிட்டயோ சொல்றது கேட்டுச்சு.

மனசு சரியாத்தான் இருக்கு, இப்பத்தான் சரியா வேலை செய்யுது, அதுதான் பிரச்சினையே. மத்தியானம் கழட்டின பாட்டிலைக் குப்பையில போடறதுக்கு முன்னாடி அதுல இருந்த பொடி எழுத்தைப் போன்ல போட்டோ எடுத்துப் பெருசாக்கிப் படிச்சேன். காத்தோட்டமான இடத்தில் பயன்படுத்தவும்னு போட்டிருக்கு. எறும்புக்குக் கண்ணு தெரிஞ்சா எறும்பு படிக்கலாம், அவ்வளவு பொடி. முன்பக்கம் மட்டும் கொழுகொழுன்னு ஒரு குழந்தை தூங்குது, பெருசா. அதைப் பாத்துத்தானே வாங்கினேன்! காத்தோட்டமான இடமாம். காத்து வந்தா கொசு வருமேன்னுதானே உன்னை வாங்குறோம்? படிச்சதுல இருந்து ஒண்ணொண்ணா ஞாபகம் வருது. இந்த வீட்டுல பல்லியே இல்ல. குடிவந்தப்ப டியூப் லைட்டுக்குப் பின்னாடி ரெண்டு இருந்துச்சு, இனியா அதுங்களைப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடுவா. எப்பப் போச்சுங்க? நான் பாட்டுக்கு நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன். பல்லி ஓடிப் போற ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு என் புள்ளை ஓட முடியாமப் படுத்திருந்திருக்கானா? எனக்குக் காலையில எந்திரிச்சா மண்டை கனக்கும், கண்ணு எரியும், தூக்கம் பத்தலைன்னு நெனச்சேன். இவருக்கு நைட் ஷிஃப்ட் இருக்கற வாரம் மட்டும் இருமல் குறையும், மெஷின் ஷாப்பு புழுதி இவருக்கு ஒத்துக்குதுன்னு கிண்டல் பண்ணுவேன். எல்லாத்துக்கும் ஒரு காரணம் கைவசம் வச்சிருந்தேனே, என் புத்தியைச் செருப்பால அடிக்க! இல்ல, இல்ல, அதுவும் தப்பு. மண்டை கனம் எல்லாருக்கும் வருது. மிஷின் இல்லாத வீட்டுலயும் புள்ளைக்கு இழுப்பு வருது. டாக்டரம்மாவே அடிச்சுச் சொல்லலையே. போன் அடிக்குது, இவருதான், ஷிஃப்டுல டீ பிரேக். "எப்படி இருக்கான்?" "தூங்குறான்." "சத்தம்?" "இருக்கு. கொஞ்சம் கம்மி." பின்னாடி அவரு மெஷின் ஷாப்பு ஓடற சத்தம். "வளரு... போட்டியா?" "போடலங்க." "நல்லது. போடாத. கண்டிப்பாப் போடாத." அப்புறம் மறுபடி, "கொசு இருக்கா?" "ஜன்னல் தொறந்திருக்குங்க, இருக்காதா?" "ஒண்ணு பண்ணேன். அவனைத் தூக்கிட்டு ஹால்ல வச்சுக்கோ. ரூம்ல ஒரு பத்து நிமிஷம் போட்டுட்டு அணைச்சிடு. யாருக்குத் தெரியப் போகுது?" யாருக்குத் தெரியக்கூடாதுங்கறாரு இந்த மனுஷன்? டாக்டருக்கா? அந்த நெஞ்சுக்கா? எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. "வேணாங்க, நீங்க டீயைக் குடிங்க"ன்னு வச்சுட்டேன். அவருக்கும் பயம். ஆஸ்பத்திரி வாசல்ல இனியாவை வாங்கினவரு அவருதானே.

ங்ங்ங். வந்துடுச்சு. எத்தனை வருஷம் ஆச்சு இந்தச் சத்தத்தைக் கேட்டு? பயப்படாதடி, வலைக்கு வெளியதானே, சுத்திட்டுப் போகட்டும். இடது பக்கம் கேக்குது. இப்ப வலது பக்கம். நின்னுடுச்சு. நிக்கறதுதான் மோசம், சத்தம் கேட்டா எங்கயோ பறக்குதுன்னு அர்த்தம், நின்னா உக்காந்துடுச்சுன்னு அர்த்தம். வலையை நாலு பக்கமும் பாக்குறேன். மெத்தைக்கு அடியில சொருகினது சொருகினபடி இருக்கு. மேல பாக்குறேன். தருண் தலைக்கு மேல, வலையோட மூலையில ஒரு கறுப்புப் புள்ளி. வெளியவா உள்ளயா? கண்ணைச் சுருக்கிப் பாக்குறேன். சமையல்கட்டு லைட்டுதான் இங்க வரைக்கும் வருது, சரியாத் தெரியல. விரலை நீட்டி வலையைத் தட்டினேன். பறந்துச்சு, என் மூஞ்சிக்கு நேரா. உள்ளதான் இருக்கு. அடப்பாவி. நான் தலையைக் குனிஞ்சு உள்ள வந்தப்ப என்கூடவே வந்திருக்கு. ரூம் முழுக்க இடம் இருந்தா கூட எங்கயாவது போய்த் தொலைஞ்சிருக்கும். இப்ப அதையும் என் புள்ளையையும் ஒரே கூண்டுக்குள்ள போட்டு நானே சுத்திச் சொருகி வச்சிருக்கேன். அது இப்ப அவன் முட்டிக்கிட்ட இறங்குது. நான் கையை வீசினேன், எந்திரிச்சு அவன் முழங்கைக்குப் போச்சு. காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது. காலுல வெள்ளை வெள்ளையா வரி இருக்கா? இருக்கற மாதிரிதான் தெரியுது. அந்தக் கார்ப்பரேஷன் ஆளு அன்னைக்குச் சொன்னாரே, வரி இருந்தா அதுதான்னு. பகல்லதானே கடிக்கும்னாரு? இது பகலா ராத்திரியா? வெளிச்சம் இன்னும் கொஞ்சம் ஜன்னல்ல மிச்சம் இருக்கு. அதுக்கு இது பகல்தானா? கரண்ட் கொசு பேட்டை எடுத்து அடிக்கலாம், ஆனா அந்த டப் சத்தத்துக்கு இவன் எந்திரிச்சு அழுவான், அழுதா இழுப்பு ஏறும், இழுப்பு ஏறினா ஆட்டோ பிடிக்கணும், அவரு வேற வீட்டுல இல்ல. கையால அடிச்சா அவன் மேலதான் அடி விழும். ஊதினேன். எந்திரிச்சுது.

என்னைக் கடி. இங்க பாரு, இந்தா. நைட்டிக் கையை மேல சுருட்டி விட்டுட்டு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உக்காந்தேன். துண்டை எடுத்து அவன் கால் மேல போட்டேன், போர்வையை இழுத்துக் கழுத்து வரைக்கும் மூடினேன். புழுக்கத்துல அவனுக்கு நெத்தியெல்லாம் வேர்க்குது, வேர்த்தா வேர்க்கட்டும், என் ராஜா, கொஞ்ச நேரம். மூஞ்சியை என்ன பண்றது? மூஞ்சியை மூடினா மூச்சு? என் ஒரு கையை அவன் கன்னத்துக்குப் பக்கத்துல குடை மாதிரி வச்சேன். அசையக் கூடாது. அசையாம இருந்தாத்தான் உக்காரும். வா, உனக்கு ரத்தம்தானே வேணும், என்கிட்ட இருக்கு, வேண்டிய மட்டும் குடிச்சுக்கோ. டெங்குவா, குடு. எனக்குக் குடு. என் தட்டணு இறங்கட்டும், நான் பெரிய பொம்பளை, தாங்குவேன், தாங்கலேன்னாலும் பரவாயில்ல. அவன்கிட்ட மட்டும் போகாத. ஒருத்திய எடுத்துக்கிட்டீங்களே, போதாதா? ஒரு கொசுகிட்ட இப்படிக் கெஞ்சுறாளேன்னு யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க. நெனைச்சுட்டுப் போறாங்க. புறங்கையில குறுகுறுங்குது. வந்துட்டியா. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாக்குறேன். சுருக்குன்னு ஊசி இறங்குது. குடிக்கட்டும், நல்லா நிறையட்டும், நிறைஞ்சா பறக்க முடியாது. அதோட வயிறு ஏற்கெனவே சிவப்பா இருக்கே? இப்பத்தானே உக்காந்துச்சு? ஓங்கி அறைஞ்சேன். நசுங்கிப் போச்சு. புறங்கையில ஒரு பொட்டு ரத்தம், குங்குமத்தைத் தேச்ச மாதிரி. இவ்வளவு ரத்தம் இந்த நேரத்துக்குள்ள என்கிட்ட குடிச்சிருக்குமா? இது யாரு ரத்தம்? போர்வையை விலக்கி அவன் கையைப் பாக்குறேன், முட்டியைப் பாக்குறேன், காதுக்குப் பின்னாடி பாக்குறேன். இந்த வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. முழங்கைக்கு மேல லேசாத் தடிச்ச மாதிரி இருக்கு, வேர்க்குருவா அதுவான்னு விரலால தடவித் தடவிப் பாக்குறேன்.

அடிச்ச சத்தத்துலயோ நான் தடவினதுலயோ அவன் முழிச்சுட்டான். கண்ணைத் தொறக்காமலே கையை நீட்டித் துழாவுறான். "அம்மா." "இங்கதான்டா கண்ணு, பக்கத்துலதான் இருக்கேன்." "இல்ல." மூச்சு கீச்சுங்குது. "இல்ல, அம்மா எங்க?" குரல் உடையுது, அழுதுடுவான் போல இருக்கு. அழக்கூடாது, அழுதா இழுப்பு ஏறிடும். "இதோ பாரு, அம்மாதானே, அம்மா கைதானே இது, தொட்டுப் பாரு." தொட்டுப் பாத்தான். அப்பவும் சந்தேகம்தான், உதட்டைப் பிதுக்குறான். "அம்மா வாசனை வரல." "அம்மா வாசனையா? அது என்னடா தங்கம்?" "தூங்கறப்ப வருமே." தலையணையில இருந்து தலையைத் தூக்கி, பாதித் தூக்கத்துலயே, பிளக் பாயிண்ட் இருக்கற சுவத்துப் பக்கம் மூக்கைத் திருப்பி உறிஞ்சிப் பாத்தான். "அங்கருந்து வருமே. அம்மா போயிட்டா." ஐயோ சாமி. என்ன சொல்லுவேன்? அவன் நகந்து நகந்து வந்தான், என் மடியில ஏறினான், நைட்டியைக் கையில கசக்கிப் பிடிச்சு அதுல மூஞ்சியைப் புதைச்சான். இந்தத் துணியெல்லாம் இந்த ரூம் அலமாரியில, இதே மருந்துக் காத்துல கிடந்ததுதானே. உறிஞ்சினான், இன்னொரு தடவை உறிஞ்சினான். "ம்ம், வந்துட்டா"ன்னான். அழுகை நின்னுடுச்சு. உடம்பு லேசாயிடுச்சு. கண்ணு சொருகிடுச்சு. விலாவுல குழி விழ விழ, எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு ஆழமா இழுத்து இழுத்து சுவாசிக்கிறான், என்னை. வேணாம்டான்னு மெதுவா அவன் தலையைப் பிடிச்சுத் தள்ளிப் பாத்தேன். இன்னும் இறுக்கி ஒட்டிக்கிட்டான்.